எனக்கும் சுகர் வருமா? – வாசகர் கேள்வி, பதில்

டைப் 2 சர்க்கரை நோய் யாருக்கு வரும், ஏன் வரும், வருமுன் எப்படித் தெரிந்துகொள்வது? இந்த முறை இவை தொடர்பான கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதற்கு முந்தைய நிலையில், பேச்சு வழக்கில் 'பார்டர் சுகர்' என்கிறோமே அந்த இடத்தில், 13.6 கோடி பேர் நிற்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் முக்கியமாக இந்த இரண்டாவது கூட்டத்துக்கும், அதில் தான் இருப்பதே தெரியாதவர்களுக்கும்.

எனக்கு வயது 38. உயரம் 170 செ.மீ., எடை 62 கிலோ. எல்லோரும் ஒல்லி என்றுதான் சொல்வார்கள். அப்பா, அம்மா இருவருக்கும் சுகர் உண்டு. எனக்கு உட்கார்ந்தே பார்க்கும் வேலை, உடற்பயிற்சி கிடையாது. லேசான தொப்பை, இடுப்புச் சுற்றளவு 93 செ.மீ. எனக்கும் வந்தே தீருமா?
– வாசகர், தஞ்சாவூர்

வந்தே தீரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் 'நான் ஒல்லி' என்ற நம்பிக்கையை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட 'இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்' என்ற எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ரத்தம் எடுக்கத் தேவையில்லை, நான்கே விஷயங்கள் போதும். முதலாவது வயது: 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50 தொட்டால் 30. இரண்டாவது இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ.க்குக் கீழ் 0, 90–99 என்றால் 10, 100 தொட்டால் 20. பெண்களுக்கு ஒவ்வொரு எல்லையும் 10 செ.மீ. குறைவு, அதாவது 80க்குக் கீழ், 80–89, 90 தொட்டால். மூன்றாவது உடலுழைப்பு: கடின வேலையும் முறையான உடற்பயிற்சியும் இரண்டுமே இருந்தால் 0, ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டுமே இல்லையென்றால் 30. நான்காவது பெற்றோர்: இருவருக்கும் நோய் இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் நூற்றுக்கு. 30க்குக் கீழ் வந்தால் ஆபத்து குறைவு, 30 முதல் 50 வரை நடுத்தரம், 60 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம்.

உங்களுக்கு: வயது 20, இடுப்பு 10, உழைப்பு 30, பெற்றோர் 20. ஆக 80. உங்கள் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் பி.எம்.ஐ. 21.5தான், அந்த எண்ணை மட்டும் பார்த்தால் உங்களைப் போல ஆரோக்கியமானவர் இல்லை என்று தோன்றும். இந்த முரண்பாட்டுக்குப் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், பூனாக்காரருக்கு 21.2 சதவீதம். நம் உடலமைப்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் தோலுக்கடியில் பரவலாகத் தங்காமல் வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றிச் சேர்கிறது. அதனால்தான் ஆசியர்களுக்கு 25 வரை காத்திருக்காமல் பி.எம்.ஐ. 23லேயே கவனம் தேவை என்று சொல்லப்படுகிறது. உங்களைப் போன்றவர்களுக்கு அந்த 23கூடப் போதாது, இன்ச் டேப்தான் உண்மையைச் சொல்லும்.

வயிற்றுக் கொழுப்பு ஏன் இவ்வளவு பொல்லாதது? அது கல்லீரலிலும் தசையிலும் படியும்போது, ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் என்ற ஹார்மோனின் பேச்சு அங்கே எடுபடாமல் போகிறது. ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. பல வருடங்கள் இப்படிச் சமாளிக்கும். அதுவரை ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. பிறகு கணையம் களைக்கிறது, சர்க்கரை ஏறுகிறது. பெற்றோரிடமிருந்து வருவது பெரும்பாலும் சீக்கிரம் களைத்துப்போகும் கணையம்தான். அதை மாற்ற முடியாது. அதன் மேல் ஏற்றும் சுமையை மாற்ற முடியும்.

நீங்கள் தினமும் நடக்கத் தொடங்கி, இடுப்பை 90க்குக் கீழே கொண்டுவந்தால் மதிப்பெண் 60க்கு இறங்கும். 60 என்பது இன்னும் 'அதிகம்' வட்டத்துக்குள்தான் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே இரண்டும் வேண்டும்: இந்த மாதமே ஒரு பரிசோதனை (எது என்று கீழே சொல்கிறோம்), அதன் பிறகு வருடம் ஒரு முறை. உடலுழைப்பே இல்லாத வேலை என்பதால் நடையை நீங்கள் விட முடியாது.

இடுப்புச் சுற்றளவு எப்படி அளப்பது? நான் பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளந்தால் 84 செ.மீ. வருகிறது, தொப்புளில் அளந்தால் 91.
– வாசகி, மதுரை

இரண்டுமே சரியான இடமில்லை, அம்மா. விலாவில் கையை வைத்துக் கீழே தடவிக்கொண்டே வந்தால் கடைசி விலா எலும்பின் விளிம்பு தட்டுப்படும். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். அளக்க வேண்டிய மட்டம் அதுதான். சிலருக்குத் தொப்புளுக்கு நேராக வரும், பலருக்குச் சற்று மேலே வரும்.

புடவை, உள்பாவாடை எதுவும் இடையில் வரக்கூடாது, தோல் மேலேயே டேப் படிய வேண்டும். கால்களைச் சற்று அகட்டி நின்று, டேப் முதுகுப்பக்கம் கீழே இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். அளவு தப்புவது பெரும்பாலும் அங்கேதான். மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிக்கும் தருணத்தில் அளவைப் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். டேப் தோலை அழுத்தக் கூடாது, தொங்கவும் கூடாது. காலையில் சாப்பிடுவதற்கு முன் இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ. (31.5 அங்குலம்), ஆண்களுக்கு 90 செ.மீ. (35.4 அங்குலம்) எல்லை.

ஆண்கள் பேன்ட் அளவை வைத்து 'எனக்கு 34தான்' என்று முடிவு கட்ட வேண்டாம். தொப்பை வளர வளரப் பேன்ட் கீழே இறங்கிக்கொண்டே போகும். பேன்ட் அளவு பத்து வருடமாக மாறாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நான் இனிப்பே சாப்பிடுவதில்லை. காபிக்குக்கூடச் சர்க்கரை போடுவதில்லை. எனக்கும் வருமா?
– வாசகர், திருநெல்வேலி

வரும். சர்க்கரை நோய் என்ற பெயர்தான் இப்படி நினைக்க வைக்கிறது. இனிப்பைக் குறைத்தது நல்லதுதான், ஆனால் மேலே சொன்ன நான்கு கணக்கில் இனிப்பு என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். இனிப்பில் தனியாகக் குறிப்பிட வேண்டியது பாட்டில் குளிர்பானம். 330 மி.லி. கோலாவில் சுமார் 35 கிராம், ஏழு தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது; மெல்லும் வேலையே இல்லாமல் ஒரே மடக்கில் உள்ளே போகிறது, வயிறும் நிறைவதில்லை. தினமும் குடிப்பவர்களுக்கு எடை கூடுவதைத் தாண்டியும் ஆபத்து அதிகமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

என் தாத்தா மூன்று வேளையும் சோறு சாப்பிட்டு 88 வயது வரை சுகர் இல்லாமல் வாழ்ந்தார். இப்போது மட்டும் அரிசி ஆகாது என்கிறீர்களே?
– வாசகர், பட்டுக்கோட்டை

தாத்தா சாப்பிட்ட சோறு எங்கே போனது என்று பார்க்க வேண்டும். விடியலில் வயலுக்குப் போய், ஏர் பிடித்து, மண்வெட்டி போட்டு, வரப்பு வெட்டி, நடந்தே சந்தைக்குப் போய் வந்த உடம்பு அது. உழைக்கும் தசை, இன்சுலின் இல்லாமலேகூட ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்று அதே சோற்றை நாம் நாற்காலிக்கு எடுத்துப் போகிறோம்.

அரிசியின் அளவும் ஒரு விஷயம்தான். 21 நாடுகளில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சுமார் ஒன்பது ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளை அரிசிச் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்கும் குறைவாக உண்டவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இந்தத் தொடர்பு மிக அழுத்தமாகத் தெரிந்தது தெற்காசியாவில்தான். 450 கிராம் என்றால் எவ்வளவு? 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறு. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை போட்டுக்கொள்ளும் ஒரு மதியச் சாப்பாடே 400 கிராமைத் தொட்டுவிடும். காலை இட்லியும் இரவு தோசையும் பெரும்பகுதி அரிசிதான் என்பதால் அவையும் இதே கணக்கில்தான் சேரும்.

அரிசியை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒரு வேளைக்கு 150 கிராம் சோறு, அதாவது ஒரு சிறு கிண்ணம், அதையும் ஒரே முறை எடுத்து வைத்துவிட்டுப் பாத்திரத்தைச் சமையலறைக்கே திருப்பி அனுப்புங்கள். மேசையில் பாத்திரம் இருந்தால் கை போகும். தட்டில் பாதி இடம் காய்க்கு. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். நம் வீட்டுச் சாம்பார் பெரும்பாலும் தண்ணீர். தனியே ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ, சுண்டலோ, இரண்டு முட்டையோ, மீனோ வேண்டும். பசி அடங்குவது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. அரிசியை நிறுத்திவிட்டுக் காலையில் பெரிய சொம்பு நிறையக் கேழ்வரகுக் கஞ்சி குடிப்பவர்கள் நிறைய. நைசாக அரைத்த மாவைக் குழைய வேகவைத்துக் குடித்தால், கேழ்வரகும் விரைவாகச் சர்க்கரையை ஏற்றும். சிறுதானியம் நல்லது, முழு மணியாக, மெல்லும் பக்குவத்தில், அளவோடு. சப்பாத்திக்கும் இதே நியாயம்தான். ஆறு சப்பாத்தி என்பது உணவுக் கட்டுப்பாடு ஆகாது.

46 வயது, எடை 78 கிலோ. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரி 5.9 என்று வந்திருக்கிறது. "பார்டர்தான், பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது நோயா, இல்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

நோய் இல்லை. பயப்படவும் வேண்டாம். ஆனால் அந்த வாக்கியத்தோடு விட்டுவிட்டது தவறு. வாழ்நாளில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பயனுள்ள தகவல் இது.

முதலில் எண்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழ் இயல்பு, 100–125 முந்தைய நிலை, 126 தொட்டால் நோய். ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரியில் 5.7க்குக் கீழ் இயல்பு, 5.7–6.4 முந்தைய நிலை, 6.5 முதல் நோய். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140க்குக் கீழ் இயல்பு, 140–199 முந்தைய நிலை, 200 முதல் நோய். தாகம், எடை இழப்பு போன்ற அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது, இரண்டாவது முறை உறுதி செய்ய வேண்டும்.

உங்களுக்கு இன்னும் செய்யாத பரிசோதனை அந்த மூன்றாவதுதான். வெறும் வயிற்று அளவு முக்கியமாகக் கல்லீரலின் நிலையைக் காட்டுகிறது. குளுக்கோஸ் குடித்த பின் ஏறும் அளவு தசையும் கணையமும் எப்படி இருக்கின்றன என்று காட்டுகிறது. வெறும் வயிற்றில் சரியாக இருந்து, இரண்டு மணி நேரத்தில் மட்டும் எகிறுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். முதல் எண்ணை மட்டும் பார்த்தால் அவர்கள் தப்பிவிடுவார்கள்.

இதைச் சரியாகச் செய்ய வேண்டும். முந்தைய மூன்று நாட்கள் வழக்கம்போல் சாப்பிடுங்கள். பரிசோதனைக்காகப் பட்டினி கிடந்து சோற்றைக் குறைத்தால் முடிவு பொய்யாக உயர்ந்து வரும். இரவு 8 முதல் 14 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. காலையில் முதல் ரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸை 250–300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் என்பது குடிக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து கணக்கு. அதுவரை உட்கார்ந்தே இருங்கள். கடைத்தெருவுக்கு நடந்து போய் வந்தால் தசை சர்க்கரையைச் செலவழித்து முடிவைக் குறைத்துக் காட்டும். பீடி, சிகரெட், காபி கூடாது. குளுக்கோஸுக்குப் பதிலாக நாலு இட்லி சாப்பிட்டு வரச் சொன்னால், அது ஏற்கெனவே நோய் உள்ளவருக்குச் செய்வது. நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல. ரத்தம் சேகரிக்கும் குழாய் சாம்பல் நிற மூடி கொண்டதா என்று கேளுங்கள். அதிலுள்ள ஃபுளோரைடுதான் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கிறது. சாதாரணக் குழாயில் ரத்தத்தை அப்படியே வைத்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிடும்.

அடுத்து, என்ன செய்யலாம்? சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு உங்களைப் போன்றவர்களுக்காகவே நடந்தது. இந்த முந்தைய நிலையில் இருந்த 531 பேரை நான்காகப் பிரித்தார்கள். வெறும் பொது அறிவுரை பெற்ற குழுவில் சுமார் மூன்று ஆண்டுகளுக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் தொடர்ந்து மாற்றிய குழுவில் 39.3 சதவீதம். சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40.5, இரண்டும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5. மாத்திரை செய்ததை நடையும் உணவும் செய்துவிட்டன. உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பது இன்னொரு செய்தி. எடை இறங்கவில்லையே என்று மனம் சோர்ந்து நடையை நிறுத்திவிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனாலும் உங்களுக்கு எடையில் 5 முதல் 7 சதவீதம், அதாவது 4 முதல் 5.5 கிலோ குறைந்தால் கூடுதல் பலன் உண்டு. ஆறு மாதத்தில் அதை எட்டலாம். மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் உங்கள் முழு நிலையைப் பார்த்து முடிவு செய்யட்டும். வருடம் ஒரு முறை பரிசோதனை கட்டாயம்.

வெறும் வயிற்றில் 92. ஆனால் மூன்று மாதச் சராசரி 6.6! ரத்தசோகையும் இருக்கிறது, ஹீமோகுளோபின் 8.5. எதை நம்புவது?
– வாசகி, விழுப்புரம்

இப்போதைக்குச் சராசரியை நம்ப வேண்டாம். அந்தப் பரிசோதனை, சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் பழைய அணுக்கள் நீண்ட நாள் சுற்றிக்கொண்டிருப்பதால் எண் பொய்யாக உயரும். மாறாக, சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், ரத்த அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர்களுக்கும் பொய்யாகக் குறையும். மேலே சொன்ன குளுக்கோஸ் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். ரத்தசோகைக்கு என்ன காரணம் என்பதையும் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும்.

மகளுக்கு 29 வயது. கர்ப்ப காலத்தில் சுகர் வந்தது. குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது என்றார்கள். ஐந்து மாதம் ஆகிறது. இனிப் பயமில்லையே?
– வாசகி, ஈரோடு

அம்மா, 'சரியாகிவிட்டது' என்ற சொல்தான் இங்கே ஆபத்து. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கும். வலுவான கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். உங்கள் மகளின் கணையம் அந்தச் சோதனையில் திணறியது. பிரசவத்தோடு சுமை இறங்கியதால் எண்கள் இறங்கின, கணையம் அதே கணையம்தான். கர்ப்ப காலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் டைப் 2 வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல்.

பிரசவமாகி ஆறு வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்திருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் தடுப்பூசிக்குப் போகும் அதே நாளில் செய்துவிடலாம், ஆனால் வீடே குழந்தையைச் சுற்றி ஓடும் அந்த நாட்களில் தாயின் பரிசோதனை விட்டுப்போகிறது. ஐந்து மாதம் ஆனாலும் பரவாயில்லை, இந்த வாரமே செய்யுங்கள். இயல்பாக வந்தால்கூட வருடம் ஒரு முறை பார்ப்பது நல்லது, ஆயுள் முழுக்க. அடுத்த கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது கருத்தரிக்கும் முன்பே சர்க்கரை பார்க்க வேண்டும். கருவின் முக்கிய உறுப்புகள் முதல் எட்டு வாரங்களில் உருவாவதால், கர்ப்பம் உறுதியான பிறகு பார்ப்பது சில சமயம் தாமதமாகிவிடும்.

தாய்ப்பால் தொடர்ந்து கொடுக்கட்டும்; குழந்தைக்கு மட்டுமல்ல, தாயின் ஆபத்தையும் அது குறைக்கிறது. பிரசவ லேகியம், நெய், 'பால் ஊறணும்' என்று ஐந்து மாதம் தாண்டியும் தொடரும் இரட்டைச் சாப்பாடு, இவற்றைப் பாசத்தோடு கொடுப்பவர் நீங்கள்தான் என்றால், அன்போடு நிறுத்த வேண்டியவரும் நீங்கள்தான். பாலூட்டும் தாய்க்குக் கூடுதல் உணவு தேவை, ஆனால் அது பருப்பு, முட்டை, கீரை, மீன் வழியாகப் போகட்டும். கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடைக்கு ஒரு வருடத்துக்குள் திரும்புவது இலக்கு.

இன்னும் கர்ப்பமாகவே இருப்பவர்களுக்கு: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே முறை ரத்தம் எடுக்கும் எளிய முறையைச் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா பரவலாக்கினார். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை. முதல் வருகையிலேயே ஒரு முறை, 24–28 வாரத்தில் இன்னொரு முறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

14 வயது மகளுக்குக் கழுத்தைச் சுற்றிக் கருப்பாக இருக்கிறது. எலுமிச்சம்பழமும் கடலை மாவும் தேய்த்தும் போகவில்லை. தோல் மருத்துவர் சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். ஏன்?
– வாசகி, சேலம்

அழுக்காக இருந்தால் தேய்த்தால் போகும். இது ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருப்பதால் தோல் செல்கள் தூண்டப்பட்டுத் தடித்துக் கருப்பது. தொட்டால் வெல்வெட் போல இருக்கும், அக்குளிலும் வரும். தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாகும், நிறம் மாறாது. இதைக் கண்டு பரிசோதனைக்கு அனுப்பிய மருத்துவர் சரியான வேலை செய்திருக்கிறார்.

எடை கூடுதலாக உள்ள குழந்தைகளுக்குப் பெற்றோரிடம் நோய், கழுத்துக் கருமை, பிறக்கும்போது எடை மிகக் குறைவு, தாய்க்குக் கர்ப்ப காலச் சர்க்கரை இவற்றில் ஒன்று இருந்தாலும் 10 வயதிலிருந்தே பார்க்கலாம். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா, மேலுதட்டில் முடி அதிகமா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். பிரச்சினைக்கும் வேர் பெரும்பாலும், இன்சுலினின் பேச்சு உடலில் எடுபடாத இதே நிலைதான்.

வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள், எடையைச் சொல்லிக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். குளிர்பானம், பாக்கெட் ஜூஸ், சிப்ஸ் வீட்டுக்குள் வருவதை வீடு முழுக்கவே நிறுத்துங்கள். தினம் ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாட வேண்டும். டியூஷனைச் சற்று நகர்த்தியாவது. இன்சுலின் இறங்கும்போது கழுத்தின் நிறமும் சில மாதங்களில் மெல்லத் தெளியும்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து வரை வீட்டு வேலை. இது உடற்பயிற்சி ஆகாதா? வயது 57.
– வாசகி, நாகர்கோவில்

உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை, ஆனால் பெரும்பாலான வீட்டு வேலை உடலைக் களைக்க வைக்குமே தவிர, இதயத்தையும் பெரிய தசைகளையும் தொடர்ந்து வேலை வாங்குவதில்லை. கிணற்றில் நீர் இறைத்து, அம்மியில் அரைத்த காலத்து வீட்டு வேலை வேறு.

வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறு நடை வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. ஒரேயடியாக நேரம் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 முதல் 15 நிமிடம் நடங்கள், மொட்டை மாடியானாலும் சரி. உணவிலிருந்து வரும் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் நேரம் அதுவே என்பதால் தசை அப்போதே வாங்கிக்கொள்ளும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விட வேண்டாம். ஒரு நாள் நடையால் இன்சுலினுக்குக் கிடைக்கும் உதவி ஒன்றிரண்டு நாளில் கரைந்துவிடும்.

நடை மட்டும் போதாது. வயதாக ஆகத் தசை கரைகிறது. சர்க்கரையைச் சேமிக்கும் மிகப் பெரிய கிடங்கு தசைதான். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 10 முறை, இரண்டு சுற்று. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரு கையிலும் பிடித்துத் தூக்கி இறக்குவது 10 முறை. வாரம் மூன்று நாள் போதும். முழங்கால் வலி இருந்தால் நாற்காலி மேல் தலையணை போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். நெஞ்சு வலியோ மூச்சு வாங்குதலோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறேன். கொழுப்பு மாத்திரையும் உண்டு. இவற்றால் சுகர் வருமாமே?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஸ்டீராய்டு சர்க்கரையை உயர்த்தும், அளவும் நாட்களும் கூடக்கூட. காலையில் பிரெட்னிசோலோன் எடுப்பவர்களுக்கு ஏற்றம் பிற்பகலிலும் மாலையிலும்தான் தெரியும். வெறும் வயிற்றில் பார்த்தால் இயல்பாகவே இருக்கும். மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்தாகலாம். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையால் ஆபத்து கூடுவது மிகச் சிறிதளவு; மாரடைப்பைத் தடுக்கும் பலன் அதைவிடப் பல மடங்கு பெரியது. தொடருங்கள். மனநல மருந்துகளில் ஒலான்சபின், குளோசபின் எடுப்பவர்கள் எடையையும் சர்க்கரையையும் முறையாகப் பார்த்து வர வேண்டும்.

இரவு ஷிப்ட் வேலை, தூக்கம் ஐந்து மணி நேரம், நாளுக்குப் பத்து சிகரெட். இவற்றுக்கும் சுகருக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், ஓசூர்

மூன்றுக்குமே உண்டு. புகைப்பவர்களுக்கு டைப் 2 வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் அதிகம்; முதலில் விட வேண்டியது அது. குறைந்த தூக்கம் இன்சுலினின் வேலையைக் கெடுத்து, பசியையும் கூட்டுகிறது. ஷிப்ட் முடிந்து வந்ததும் இருட்டறையில் ஏழு மணி நேரம் தூங்க ஏற்பாடு செய்யுங்கள். நள்ளிரவில் பரோட்டா வேண்டாம். பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். உரத்த குறட்டையும் பகலில் தூங்கி வழிவதும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயா என்று பார்க்க வேண்டும். அதுவும் தனி ஆபத்துதான்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன்?
– வாசகி, கரூர்

ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது.

எனக்கு எந்த அறிகுறியும் இல்லை. பிறகு ஏன் பரிசோதனை? எங்கே, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை?
– வாசகர், ராமநாதபுரம்

அறிகுறி தாமதமாக வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடத் தொடங்கும். அதன் பிறகே அடிக்கடி சிறுநீர், தாகம், எடை இழப்பு எல்லாம். 126க்கும் 180க்கும் நடுவில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் சுகமாக உலாவலாம். கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் அந்த ஆண்டுகளில் பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். விரலில் குத்தி மீட்டரில் பார்ப்பது முதல் வடிகட்டலுக்குத்தான். அதில் உயர்ந்து வந்தால் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். எல்லாம் இயல்பு, ஆபத்து மதிப்பெண்ணும் குறைவு என்றால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும். மதிப்பெண் 60 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனில் வந்தவர்கள், முந்தைய நிலையில் இருப்பவர்கள் வருடா வருடம்.

பரிசோதனைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். 84, 91, 98 என்று மூன்று முறை வந்தால் மூன்று சீட்டிலும் 'நார்மல்' என்றுதான் அச்சாகியிருக்கும். மூன்றையும் அருகருகே வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.